எட்டு ஆண்டுகளை விழுங்கிய படம்

(கல்வியியல் கல்லூரி ஒன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



கணித ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. கணிதம் கற்பித்தல் தொடர்பாக எதைப் பற்றியும் பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். நான் ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொண்டேன். சினிமா பேசவா இந்த மேடை என்று சிலருக்குத் தோன்றலாம். கற்பித்தலைப் பற்றிய நூல்களைப் படிப்பவர்கள் இந்த அரங்கில் இருக்கும் நாம்தான். ஆசிரியரைப் பற்றிய படங்களைப் பார்ப்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பெற்றோர், தலைமையாசிரியர், கல்வி அதிகாரி, அமைச்சர் என்று எல்லோர் மனத்திலும் நல்லாசிரியரின் உருவத்தை வரைந்து வைத்திருப்பது பெரும்பாலும் சினிமாதான். நாளை உங்களை அந்த உருவத்தின் பக்கத்தில் நிறுத்தித்தான் உயரம் பார்ப்பார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்று நாமும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவோம்.

நான் எடுத்துக்கொண்ட படம் 1988இல் வெளியான 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்'. இயக்கியவர் ரமோன் மெனெண்டஸ். டாம் முஸ்காவுடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவரும் அவரே. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் உண்மையிலேயே நடந்த நிகழ்ச்சியை வைத்து எடுத்தது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். ஹைமே எஸ்கலான்டே என்ற கணித ஆசிரியர் அவர்களுக்கு நுண்கணிதம் கற்பித்தார். 1982இல் 18 பேர் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' தேர்வில் தேறினார்கள். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தை எழுதித் தேறும் தேர்வு அது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், மூன்றும் அதற்கு மேலும் தேர்ச்சி. தேர்வை நடத்திய நிறுவனம், விடைத்தாள்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று சந்தேகப்பட்டது. மாணவர்கள் மறுதேர்வு எழுதினார்கள், மறுபடியும் தேறினார்கள். எஸ்கலான்டேயாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 2011இல் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தப் படம் நிமிடங்களை நேர்மையாகக் காட்டுகிறது, ஆண்டுகளை மறைத்துவிடுகிறது. ஒரு வகுப்பு எப்படி நடக்கிறது என்பதில் இதை விஞ்சிய படம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பள்ளி எப்படி மாறுகிறது என்பதில் இது பார்ப்பவரை ஏமாற்றுகிறது. படத்தின் பலமும் குறையும் காலத்தைக் கையாண்ட விதத்திலிருந்தே பிறக்கின்றன.

1. கணிதத்தை எடுத்துவிட்டால் படம் இல்லை

ஆசிரியர் படங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் மேசைமேல் ஏறுவார், பாட்டுப் பாடுவார், முரட்டு மாணவனை அடக்குவார், வாழ்க்கையைப் பற்றி மனம் உருகப் பேசுவார். பாடம் மட்டும் நடத்தமாட்டார். கரும்பலகையில் இருப்பது கலை இயக்குநரின் கைவண்ணம். இயற்பியல் ஆசிரியரை வரலாற்று ஆசிரியராக மாற்றினாலும் கதையில் ஒரு காட்சியும் மாறாது.

இங்கே அப்படி இல்லை. முதல் நாள் வகுப்பில் எதுவும் நடக்கவில்லை. யாரோ மணியை முன்கூட்டியே அடித்துவிட, பிள்ளைகள் கலைந்துபோகிறார்கள். பிறகு ஒரு நாள் எஸ்கலான்டே சமையல்காரர் தொப்பியோடும் மேலாடையோடும் வருகிறார். கையில் இறைச்சி வெட்டும் கத்தி. ஓங்கி ஒரே வெட்டாக ஆப்பிளைப் பிளக்கிறார். மேசைக்கு மேசை வெட்டிய ஆப்பிள்கள். உன்னிடம் இருப்பதில் எவ்வளவு குறைகிறது, சதவீதத்தில் சொல் என்கிறார். வித்தைதான். ஆனால் வித்தைக்குள் பின்னமும் சதவீதமும் இருக்கின்றன. வித்தை முடியும்போது பாடமும் நடந்துவிட்டிருக்கிறது.

எதிர் எண்களுக்குக் கடற்கரை மணலை எடுத்துக்கொள்கிறார். தோண்டிய பள்ளம் எதிர் எண். அள்ளிக் குவித்த மணல் நேர் எண். பள்ளத்தில் மணலைப் போட்டால் என்ன மிஞ்சும்? கேள்வியைக் கேட்டுவிட்டு மாணவனின் முகத்தருகே குனிந்து நிற்கிறார். விடை வரும்வரை நகர்வதில்லை. முணுமுணுப்பாக வந்து விழுகிறது பூஜ்யம். உடனே, கிரேக்கரும் ரோமானியரும் எட்டாத பூஜ்யத்தை உங்கள் முன்னோரான மாயர்கள் கண்டார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்கிறார். பூஜ்யத்துக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் நாம்; இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் நெளியும். மாயர்களின் எண் முறையில் பூஜ்யம் இருந்தது வரலாறு. சண்டைக்குப் போகாமல் அந்த மாணவனின் முகத்தைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒரு வாக்கியக் கணக்கு. ஹுவானுக்குப் பெட்ரோவைப்போல் ஐந்து மடங்கு பெண் தோழிகள். கார்லோஸுக்குப் பெட்ரோவைவிட ஒருவர் குறைவு. மூவருக்கும் சேர்த்து இருபது. ஆளுக்கு எத்தனை? பெட்ரோவுக்கு எக்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஏழு எக்ஸ் கழித்தல் ஒன்று சமம் இருபது, எக்ஸ் மூன்று. எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் வகுப்பில் விடை சீக்கிரம் வருவதில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தவறு செய்கிறார்கள், ஒவ்வொருவரும் வேறுவேறு இடத்தில். திரைப்படத்தில் மாணவன் ஒன்று மக்காக இருப்பான், இல்லையென்றால் திடீரென மேதையாகிவிடுவான். ஒரு கணக்கை நோக்கி ஏழெட்டு மூளைகள் வெவ்வேறு சந்துகளில் புகுந்து முட்டிக்கொண்டு திரும்புவதைப் படமாக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மெனெண்டஸுக்கு இருந்தது. கணக்கின் பொருளைப் பற்றி எனக்கு முணுமுணுப்பு உண்டு. பெண் தோழிகளை எண்ணிக்கைப் பண்டமாக்கிய கணக்கு அது, பெண்களும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில். அதற்குப் பிறகு வருகிறேன்.

பிற்பகுதியில் பகுதித் தொகையிடலை அட்டவணை போட்டு விரைவாகச் செய்யும் முறை வருகிறது. அதைப் படம் பார்ப்பவருக்கு யாரும் விளக்குவதில்லை. புரியாதவருக்குப் புரியவேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு. பிள்ளைகள் நம்மைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பதை நமக்கு உணர்த்த அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

மிகச் சிறிய செலவில், பொதுத் தொலைக்காட்சியின் 'அமெரிக்கன் பிளேஹவுஸ்' ஆதரவோடு எடுத்த படம் இது. எடுத்து முடித்த பிறகுதான் வார்னர் பிரதர்ஸ் வாங்கி வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் கையில் தொடக்கத்திலேயே மாட்டியிருந்தால் வகுப்பறைக் காட்சிகள் பாதியாகக் குறைந்து ஒரு கார் துரத்தல் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

2. வெளியிலிருந்து வந்த ரட்சகர் இல்லை

இதற்குப் பின் வந்த இரண்டு கலிபோர்னியப் பள்ளிப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் இந்த அம்சம் துலங்கும். 1995இல் மிஷெல் ஃபைஃபர் நடித்த 'டேஞ்சரஸ் மைண்ட்ஸ்', 2007இல் ஹிலரி ஸ்வாங்க் நடித்த 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ்'. இரண்டிலும் வெள்ளைக்கார ஆசிரியை கறுப்பு, லத்தீன் மாணவர்கள் நிறைந்த வகுப்புக்குள் நுழைகிறார். நாமும் அவர் கண்ணால்தான் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். முதலில் பயம், பிறகு பரிவு.

எஸ்கலான்டே 1930இல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிறந்தவர். அங்கே கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். 1960களில் அமெரிக்கா வந்தபோது அந்தத் தகுதி செல்லுபடியாகவில்லை. உணவகத்தில் தரை துடைத்தார். மின்னணு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடியும் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். அந்த உடம்பும் அந்த உச்சரிப்பும் ஓல்மோஸிடம் அப்படியே வந்திருக்கின்றன. அந்த வேடத்துக்காக அவர் உடல் எடையைக் கூட்டிக்கொண்டார். தலைமுடியை மெலிவாக்கிக்கொண்டார். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர் என்பதால் ஊரை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படத்தின் ஆசிரியர் தம் மாணவர்களைக் கேலி செய்யும் மொழி அவர்கள் வீட்டிலும் புழங்கும் மொழி. அதனால்தான் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தேர்வு நிறுவனத்திலிருந்து விசாரிக்க வரும் இருவரில் ஒருவர் லத்தீன் இனத்தவர்; ஆண்டி கார்சியா நடித்தது. மற்றவர் கறுப்பினத்தவர். வில்லனுக்கு வெள்ளை முகம் மாட்டுவது எவ்வளவு எளிது! படம் அதைச் செய்யவில்லை. வந்தவர்கள் கண்ணியமானவர்கள், தங்கள் கடமையைச் செய்வதாக நம்புகிறவர்கள். இந்தப் பள்ளியிலிருந்து இந்த மதிப்பெண் வராது என்ற எண்ணம் அவர்களுக்கு முன்பே, அவர்கள் கையிலிருக்கும் காகிதங்களில் இருக்கிறது.

3. தோற்கும் ஆசிரியர்

ஆசிரியரை வணங்கத்தக்க சிலையாக்கிவிடாமல் சில காட்சிகள் காப்பாற்றுகின்றன. ஆனா என்ற மாணவியின் தந்தை உணவகம் நடத்துகிறார். மகள் படிப்பை விட்டுவிட்டு அங்கே வேலை செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். எஸ்கலான்டே உணவகத்துக்கே போய் வாதாடுகிறார். வாதத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பேசும் தொனியில் இல்லை. தம் கையால் கடையை உருவாக்கிய மனிதரிடம், உங்கள் மகள் இங்கே கிடந்து வீணாவாள் என்கிற மாதிரிப் பேசினால் அவர் என்ன செய்வார்? வெளியே போகச் சொல்கிறார். எனக்கு அந்தத் தந்தையின் கோபம் நன்றாகவே புரிந்தது. படத்துக்கும் புரிந்திருக்கிறது. பிற்பாடு ஆனா வகுப்புக்குத் திரும்புகிறாள். அதற்கு ஆசிரியரின் பேச்சுதான் காரணம் என்று படம் அடித்துச் சொல்வதில்லை.

ஏஞ்சல் என்ற மாணவன் ஊர் ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவன். லூ டைமண்ட் ஃபிலிப்ஸ் நடித்தது. அவன் ஆசிரியரிடம் மூன்று படி பாடநூல் கேட்கிறான். வீட்டுக்கு ஒன்று, பள்ளிப் பெட்டகத்துக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று. கையில் புத்தகத்தோடு தெருவில் நடப்பதைக் கூட்டாளிகள் பார்த்துவிடக் கூடாது. படிக்க விரும்புவதை மறைக்கவேண்டிய ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஒரு கோரிக்கை போதும்.

இப்போது பெண் தோழிகள் விஷயம். கிளாடியா என்ற மாணவியின் காதலர்களைப் பற்றி ஆசிரியர் வகுப்பு நடுவே கிண்டல் செய்கிறார். அவள் எழுந்து, என் சொந்த வாழ்க்கையை வகுப்புக்கு வேடிக்கையாக்காதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அந்தக் காட்சியை வைத்ததற்காகப் படத்தைப் பாராட்டவேண்டும். அதற்குப் பிறகும் கிண்டலை ஆசிரியரின் அன்பாகவே கணக்கில் எழுதிக்கொண்டு போவதற்காகக் குறை சொல்லவேண்டும். மாணவனைக் குத்திப் பேசினால் ரோஷம் வந்து படிப்பான் என்ற நம்பிக்கை நம் பள்ளிகளிலும் ஆழமாக வேரூன்றியது. எஸ்கலான்டேக்கு அது பலித்திருக்கலாம். அவர் அந்தப் பிள்ளைகளோடு காலை முதல் மாலை வரை, சனிக்கிழமையும் விடுமுறையும் சேர்த்துக் கழித்தவர். அத்தனை நேரத்தைக் கொடுத்தவர் பேசிய பேச்சை, மணிக்கு ஒரு வகுப்பு மாறும் நாம் கடன் வாங்கினால் எஞ்சுவது குத்தல் மட்டும்தான்.

4. விழுங்கப்பட்ட எட்டு ஆண்டுகள்

நான் முக்கியமாகக் கருதும் குறைக்கு வருகிறேன்.

படத்தில் நடப்பது இது. எஸ்கலான்டே பள்ளிக்கு வருகிறார். கணினி கற்பிக்க வந்தவருக்குக் கணினியே இல்லாத பள்ளியில் அடிப்படைக் கணிதம் தரப்படுகிறது. பின்னமும் பெருக்கல் வாய்ப்பாடும் தெரியாத மாணவர்கள். அதே மாணவர்கள் கோடை விடுமுறையில் இடைப்பட்ட பாடங்களை முடிக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டில் நுண்கணிதம், ஆண்டிறுதியில் தேர்வு, தேர்ச்சி. மொத்தம் இரண்டு கல்வியாண்டு.

உண்மையில் எஸ்கலான்டே கார்ஃபீல்டில் சேர்ந்தது 1974இல். பிள்ளைகளின் நிலையைக் கண்டு மனம் உடைந்து, பழைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி வேலையைத் திருப்பிக் கேட்டார். இயற்கணிதம் படிக்கச் சில மாணவர்கள் முன்வந்த பிறகே தங்குவது என்று முடிவு செய்தார். 1978இல்தான் முதல் நுண்கணித வகுப்பைத் தொடங்கினார். அந்த வகுப்பில் தேர்வுவரை வந்தவர்கள் ஐந்து பேர். தேறியவர்கள் இரண்டு பேர். அடுத்த ஆண்டு ஒன்பது பேரில் ஏழு. அதற்கடுத்து பதினைந்து பேரில் பதினான்கு. 1982இல் பதினெட்டுக்குப் பதினெட்டு.

இரண்டு, ஏழு, பதினான்கு, பதினெட்டு. கணித ஆசிரியனாகிய எனக்குத் திரையில் கண்ட எந்தக் காட்சியைவிடவும் இந்த வரிசையில் கதை அதிகம். ஐந்து பேரில் மூன்று பேர் தவறிய அந்த முதல் ஆண்டின் கடைசி நாளில் எஸ்கலான்டே என்ன நினைத்திருப்பார்? மறு ஆண்டுக்கு எதை மாற்றினார்? எந்தப் பாடத்தை முன்னுக்கு இழுத்தார்? நாளை நீங்கள் வகுப்பில் தோற்கும்போது உங்களுக்கு வேண்டியது இந்தச் செய்திதான். படத்தில் இதற்கு இடமில்லை. முதல் முயற்சியே வெற்றி.

நூறு நிமிடப் படத்தில் எட்டு ஆண்டை எப்படிக் காட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காலத்தைச் சுருக்காத படமே கிடையாது. சுருக்கும்போது எதை வெளியே தள்ளினார்கள் என்பதுதான் என் வழக்கு. இங்கே வெளியே தள்ளப்பட்டவை மூன்று.

முதலாவது, பாடங்களின் படிவரிசை. பின்னம் தெரியாத மாணவன் ஒரு கோடையில் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் முடித்து நுண்கணிதத்துக்கு வர முடியாது. எந்த ஆசிரியராலும் முடியாது, எஸ்கலான்டேயாலும் முடியவில்லை. 1982இல் தேறிய மாணவர்கள் நுண்கணித வகுப்புக்குள் வரும்போதே கீழ்ப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தவர்கள். அந்தப் படிகளைக் கட்டத்தான் ஆண்டுகள் பிடித்தன. எஸ்கலான்டே தம் பள்ளிக்கு மாணவர்களை அனுப்பும் கீழ்நிலைப் பள்ளிகளில் இயற்கணிதம் கற்பிக்கச் செய்ய முயன்றார். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் கோடை வகுப்புகளை ஏற்பாடு செய்தார். தென்னை வைத்தவன் அடுத்த மாதமே இளநீர் குடித்தான் என்று சொன்னால் நாம் சிரிப்போம். நுண்கணிதத்துக்கு மட்டும் கைதட்டுகிறோம்.

இரண்டாவது, சக ஆசிரியர். பென் ஹிமெனெஸ் என்ற கணித ஆசிரியர் எஸ்கலான்டேயோடு தோள்கொடுத்து நின்றவர். நுண்கணிதத் திட்டத்தின் இன்னொரு தூண். படத்தில் அவர் இல்லை. அவருக்குப் பதில், இந்தப் பிள்ளைகளால் ஆகாது என்று அவநம்பிக்கை பேசும் கணிதத் துறைத் தலைவி இருக்கிறார். நாடகத்துக்கு எதிர்ப்பாளர் வேண்டும், சரி. அதற்காகத் துணைவரை ஏன் அழிக்கவேண்டும்? ஆசிரியர்கள் அறையில் ஒருவர் நம் பக்கம் இருப்பது என்ன என்று இங்கே அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியர்களைக் கேளுங்கள்.

மூன்றாவது, தலைமை. எஸ்கலான்டே காலையில் சீக்கிரம் வருகிறார், மாலையில் தாமதமாகப் போகிறார், அனுமதியின்றி நிதி திரட்டுகிறார் என்றெல்லாம் குற்றம்சாட்டி அவரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக மிரட்டிய நிர்வாகமும் அந்தப் பள்ளியில் இருந்தது. 1981இல் ஹென்ரி கிராடியாஸ் முதல்வரானதும் காற்று மாறியது. அடிப்படைக் கணித வகுப்புகளின் எண்ணிக்கையை அவர் குறைத்தார். அடிப்படைக் கணிதம் எடுப்பவர் கூடவே இயற்கணிதமும் எடுத்தாகவேண்டும் என்றார். மதிப்பெண் சரிந்தவர்களுக்கு விளையாட்டு முதலிய நடவடிக்கைகளில் இடமில்லை என்றார். எஸ்கலான்டே கேட்டதைச் செய்ய விட்டார். படத்தில் வரும் முதல்வர் நல்லவர், அனுதாபி; செய்வதோ ஒன்றும் இல்லை.

இந்த மூன்றையும் நீக்கினால் எஞ்சுவது தனி மனிதர் ஒருவரும் அவருடைய விடாப்பிடியும். நம் 'நம்மவர்', 'சாட்டை', 'ராட்சசி' எல்லாமே இந்த அச்சில் வார்த்தவைதாம். சீரழிந்த நிறுவனத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார், திருத்துகிறார், படம் முடிகிறது. அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த நிறுவனம் என்ன ஆயிற்று என்று எந்தப் படமும் சொன்னதில்லை.

எஸ்கலான்டே தாமே பின்னாளில் படத்தின் பெரும்பகுதி உண்மை, சிறுபகுதி நாடகம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஆனால் அடிப்படைக் கணிதத்திலிருந்து அவ்வளவு விரைவில் நுண்கணிதத்துக்குத் தாவ முடியாது என்பதையும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சிறுபகுதி எங்கே விழுந்தது என்பதுதான் சிக்கல்.

5. சந்தேகமும் மறுதேர்வும்

இதைச் சுருக்கமாக. படத்தில் 18 பேரும் மறுதேர்வு எழுதுகிறார்கள். ஆயத்தம் செய்ய ஒரே ஒரு நாள். உண்மையில் 18 பேரில் 14 பேரின் தாள்கள் மேல்தான் கேள்வி எழுந்தது. அவர்களில் 12 பேர் மறுதேர்வு எழுதினார்கள், 12 பேரும் தேறினார்கள். எண்களில் உள்ள வேறுபாடு எனக்குப் பெரிதில்லை. தர்க்கத்தில் உள்ள ஓட்டை பெரிது. மறுதேர்வில் தேறியது அந்தப் பிள்ளைகளுக்குக் கணிதம் தெரியும் என்று நிரூபிக்கிறது. முதல் தேர்வு அறையில் என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. கணிதத்தைப் பற்றிய படம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைக்கலாமா? எஸ்கலான்டே விசாரணையாளர்களிடம் எழுப்பும் கேள்விக்கோ இந்த நிரூபணமே தேவையில்லை. வசதியானவர்கள் வாழும் பகுதிப் பள்ளியில் இதே தாள்கள் இதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்குமா என்பது அவர் கேட்டது. அந்தக் கேள்வி தன் காலிலேயே நிற்கக்கூடியது. ஆனால் படம் கைதட்டலை மறுதேர்வு முடிவுக்குத்தான் ஒதுக்கிவைக்கிறது.

6. படம் முடிந்த பிறகு நடந்தவை

படம் வந்த 1988 அமெரிக்கத் தேர்தல் ஆண்டு. லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அதிபர் வேட்பாளர் விவாதத்தில், இன்றைய நாயகர்கள் யார் என்று கேட்கப்பட்டபோது ஜார்ஜ் புஷ் சொன்ன பெயர்களில் ஒன்று எஸ்கலான்டே. ஓர் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியருக்கு இதைவிடப் பெருமை ஏது? ஆனால் அரசியல்வாதிகளுக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு இனித்தது என்று யோசிக்கவேண்டும். தனி மனிதரின் விடாமுயற்சி போதும் என்றால் வரவு செலவுத் திட்டத்தில் எதையும் மாற்றவேண்டாம். மற்றப் பள்ளிகளில் அப்படி நடக்கவில்லையே என்றால் அங்குள்ள ஆசிரியர்களுக்கு மனம் இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆசிரியரின் உடம்பைப் பற்றியும் இதே கணக்குதான். படத்தில் எஸ்கலான்டே இரவு வகுப்பும் எடுக்கிறார், அங்கேயே மாரடைப்பில் விழுகிறார், சில நாளில் வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார். பிள்ளைகள் ஆரவாரிக்கிறார்கள். வீட்டில் மனைவியும் மகன்களும் ஓரத்தில் வந்து போகிறார்கள். இந்தக் காட்சியைப் பார்த்துக் கண் கலங்காதவர் இருக்கமாட்டார்; நானும் கலங்கினேன். கலங்கிய பிறகு ஒரு கேள்வி மிச்சம். இருதயம் இடறிய ஆசிரியர் ஓய்வெடுக்காமல் திரும்பியது தியாகமா, அவருக்கு மாற்றாக வந்தவர் இசை ஆசிரியராக இருந்தது நிர்வாகக் குற்றமா? படம் இரண்டாவதை நகைச்சுவைக் காட்சியாக வைத்திருக்கிறது.

உண்மைக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1982க்குப் பிறகு திட்டம் வளர்ந்தது. ஒரு வகுப்பில் இத்தனை மாணவர்தான் என்ற வரம்பைத் தாண்டி எஸ்கலான்டே ஐம்பதுக்கு மேல் சேர்த்துக்கொண்டார்; ஆசிரியர் சங்கத்தோடு அதனால் உரசல். சங்கம் வரம்பைக் கேட்டதில் தவறு காண என்னால் முடியவில்லை. எல்லோரும் எஸ்கலான்டே இல்லை. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியரைக் காக்க அந்த வரம்பு இருக்கிறது. 1987இல் கிராடியாஸ் பள்ளியை விட்டு விலகினார். 1990இல் துறைத் தலைமை எஸ்கலான்டே கையிலிருந்து போனது. 1991இல் அவரும் ஹிமெனெஸும் கார்ஃபீல்டை விட்டுச் சென்றார்கள். அதன்பின் அந்தப் பள்ளியின் நுண்கணிதத் தேர்ச்சி மளமளவெனச் சரிந்தது. எஸ்கலான்டே சாக்ரமென்டோவில் ஹைரம் ஜான்சன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆசிரியர், அதே தொப்பி, அதே விடாப்பிடி. கார்ஃபீல்டில் எட்டிய உயரத்தை அங்கே எட்ட முடியவில்லை.

அவரைப் படம் காட்டுவதுபோல் எல்லோரும் கொண்டாடியதும் இல்லை. 1998இல் கலிபோர்னியாவில் இருமொழிக் கல்வியை ஒடுக்கும் பொதுவாக்கெடுப்பை அவர் ஆதரித்தபோது அவர் இனத்து மக்களே பலர் சினந்தார்கள். பிறகு பொலிவியாவுக்குத் திரும்பி அங்கே கற்பித்தார், 2010இல் காலமானார். 2016இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

7. கடைசி அரை நிமிடம்

படத்தின் முடிவில் எஸ்கலான்டே பள்ளி நடைவழியில் தனியே நடந்து போகிறார். திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. 1982இல் 18 பேர் தேறினார்கள் என்று தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு எண் ஏறி 1987இல் 87இல் வந்து நிற்கிறது. கொட்டகையில் கைதட்டல் அங்கேதான் விழும்.

அந்த எழுத்துகளைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஒருவர் தனியாக நின்று கற்பித்து எட்டக்கூடிய எண் இல்லை 87. அத்தனை பேரை நுண்கணித வகுப்பு வாசல்வரை கொண்டுவர எத்தனை இயற்கணித வகுப்புகள் நடந்திருக்கவேண்டும், எத்தனை ஆசிரியர்கள் அவற்றை எடுத்திருக்கவேண்டும், கால அட்டவணையை எத்தனை முறை கிழித்து எழுதியிருக்கவேண்டும். நூறு நிமிடம் மறைத்ததைப் படம் தன்னையறியாமல் கடைசி அரை நிமிடத்தில் ஒப்புக்கொள்கிறது.

இங்குள்ள பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைப் பயிற்சி மாணவர்களுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். கோடை வகுப்புக் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டு, 1974 முதல் 1982 வரை ஆண்டுகளை மட்டும் பலகையில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டிலும் யார் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தை நடத்தியிருந்தால் 18 பேர் தேற முடியும் என்று மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலோர் எஸ்கலான்டே பெயரையே எல்லாக் கட்டத்திலும் எழுதித் தொடங்குவார்கள். மூன்றாம் ஆண்டுக்குள் கால அட்டவணையில் இடம் தீர்ந்துவிடும்.

உணவகக் காட்சியையும் பெண் தோழிகள் கணக்கையும் இப்போது திரையிடச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு உங்கள் வினாக்களைத் தொடங்கலாம்.